மாதா மாதம் வரும் 'கேஸ் டிரபுள்'... கர்ப்பப்பையையும் கவனியுங்கள்!

மாதவிலக்கு நெருங்கினாலே வயிறு பானை போல உப்புகிறதா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலியா? தேதி முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறதா? ஓமத் தண்ணீரும் கேஸ் மாத்திரையும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அது எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம்.

கர்ப்பப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற திசு, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என வெளியிடங்களில் வளர்வதுதான் இந்த நோய். மாதவிலக்கின்போது அந்தத் திசுவும் வீங்கிக் கசியும். அதனால்தான் வலி. உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பத்துப் பெண்களில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவளத்தில் மீன் கூடையோடு நிற்கிற அக்காவுக்கும் வரலாம். சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் தங்கைக்கும் வரலாம்.

சரி, குடல் பாக்டீரியாவுக்கு இதில் என்ன வேலை? இந்தத் திசு வளர உரம் போடுவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். உடல் கழித்துவிட்ட ஈஸ்ட்ரோஜனைச் சில குடல் பாக்டீரியாக்கள் மறுபடி பிரித்து ரத்தத்தில் சேர விடுகின்றன. அமெரிக்காவில் ராமகிருஷ்ணா கொம்மகனி குழுவினர் 2019-ல் எலிகளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியா குறைந்தது, நோய்த் திசுவும் சுருங்கியது. நோயுள்ள எலியின் கழிவை உள்ளே செலுத்தியதும் திசு மறுபடி வளர்ந்தது! நார்ச்சத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்கள் தயாரிக்கும் பியூட்டிரேட் என்ற பொருள், எலிகளில் நோயின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தியதை இதே குழு 2021-ல் கண்டது.

ஆனால், இவை எலிகளில் நடந்த சோதனைகள். இதை நம்பி மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போடாதீர்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும். புரோபயாடிக் கேப்ஸ்யூல் இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது குடல் அழற்சி நோய்களுக்காக, எண்டோமெட்ரியோசிஸுக்காக அல்ல. பழைய சோறு, கீரை, கேழ்வரகு, சுண்டல் எல்லாம் குடலுக்கு நல்லது. சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது ஒன்று. மூன்று மாதம், போனிலேயே குறித்து வாருங்கள்: மாதவிலக்குத் தேதி, வலி பத்துக்கு எத்தனை, வயிறு உப்பியதா, பேதியா, மலச்சிக்கலா. மாதவிலக்கோடு சேர்ந்தே வந்து போகிறது என்றால், அந்தக் குறிப்போடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையும் இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி என்று சிகிச்சைகள் உண்டு.

இந்த நோயைக் கண்டுபிடிக்கவே பல பெண்களுக்கு வருடக்கணக்கில் ஆகிறது. 'கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்' என்று நாம் சொல்லிச் சொல்லியே தள்ளிப்போடுவதும் அதற்கு ஒரு காரணம். மாதா மாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கிற வலி சாதாரண வலி அல்ல, அம்மாக்களே!