வெட்டிக்கொள்ளும் ஓடுபாதைகள்

பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 2005 ஜூன் 9 மாலை இரண்டு விமானங்களுக்குப் புறப்பட அனுமதி கிடைத்தது. ஒன்று, ஏர் லிங்கஸின் ஏர்பஸ் 330. மற்றொன்று, யு.எஸ். ஏர்வேஸின் போயிங் 737. வெவ்வேறு ஓடுபாதைகள்தான்; ஆனால் வழியில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவை. ஒரே கோபுரத்தில் பணியிலிருந்த இரண்டு கட்டுப்பாட்டாளர்கள், சில நொடி இடைவெளியில், ஆளுக்கொரு விமானத்தைப் புறப்படச் சொல்லிவிட்டார்கள்.

மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் ஓடும் விமானம் ஒரு நொடியில் 75 மீட்டரைக் கடந்துவிடும். பிரேக் போட்டு நிற்க நேரமில்லை. 737இன் துணை விமானி பக்கவாட்டிலிருந்து வரும் ஏர்பஸைப் பார்த்தார். மேலே எழவிருந்த தன் விமானத்தின் மூக்கை எழவிடாமல், கட்டுப்பாட்டுத் தண்டை முன்னோக்கி அழுத்தினார். ஏர்பஸ் தலைக்கு மேலே பறந்தது. 737 அதன் அடியில் புகுந்து, மிச்சமிருந்த ஓடுபாதையில் ஓடிய பிறகே எழும்பியது. இரண்டிலும் சேர்த்து 381 பேர். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவர்களைக் காப்பாற்றியது விதிமுறையோ ராடாரோ அல்ல, சரியான நொடியில் சரியான பக்கம் திரும்பிய ஒரு ஜோடிக் கண்கள். பல நூறு உயிர்களுக்கு இதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட ஓடுபாதைகளை ஏன் போட்டார்கள்? விமானம் காற்றை எதிர்த்து ஏறி இறங்குவதே நல்லது. காற்றோ திசை மாறும். பழைய விமான நிலையங்களில் இடமும் குறைவு. கையிலிருந்த நிலத்துக்குள் இரண்டு மூன்று திசைகளில் பாதை போட்டால் அவை எங்காவது வெட்டிக்கொள்ளத்தான் செய்யும். நியூயார்க்கின் லகார்டியா இன்றும் அப்படித்தான். சிகாகோவின் ஓ'ஹேர் பெரும் பணம் செலவழித்து இணை ஓடுபாதைகளைப் போட்டு, பழைய மூலைவிட்டப் பாதைகளில் சிலவற்றை மூடியது. அவ்வளவு நிலமும் பணமும் இல்லாத ஊர்கள் நேரக் கணக்கை நம்பியே ஓட்டுகின்றன.

அந்தக் கணக்கின் உச்சம், அமெரிக்காவில் லாசோ என்று அழைக்கப்படும் முறை. தரையிறங்கும் விமானத்திடம், ‘இறங்கு, ஆனால் சந்திப்புக்கு முன்பே நின்றுவிடு’ என்பார்கள். அது நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் குறுக்கே உள்ள பாதையில் இன்னொரு விமானம் இறங்கும் அல்லது ஏறும். ஒரு மணி நேரத்தில் கூடுதலாகச் சில விமானங்களைக் கையாளலாம். லாபம் அவ்வளவுதான்.

இறங்க வந்த விமானம் இறங்க முடியாமல் மறுபடி மேலே எழும்பினால்? காற்று அடிக்கலாம், இறங்கும் விதம் பிசகலாம். விமானிகள் தினமும் எங்காவது செய்கிற வேலைதான் அது. பயணிக்குச் சிறிது நேரத் தாமதம், அவ்வளவே. ஆனால் குறுக்குப் பாதையில் அதுவே இன்னொரு விமானத்தின் வழிக்குள் பாய்வதாகிவிடும். அதனால்தான் லாசோவை மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு. தனியாகப் பறக்கும் பயிற்சி விமானிக்கு அதைக் கொடுப்பதே இல்லை. ‘முடியாது’ என்று சொல்ல விமானிக்கு உரிமை தர வேண்டிய ஒரு முறையை அவசரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நெரிசல் நேரத்தை ஓட்டும் வழக்கமாக அதை மாற்றக் கூடாது.

கோபுரமே இல்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். இல்லினாய் மாநிலத்தின் குவின்சி விமான நிலையத்தில் 1996 நவம்பர் 19 அன்று நடந்ததைப் பாருங்கள். இறங்க வந்த யுனைடெட் எக்ஸ்பிரஸ் சிறு விமானம், வெட்டிச் செல்லும் ஓடுபாதையில் நிற்கும் விமானம் காத்திருக்குமா, புறப்படுமா என்று ரேடியோவில் கேட்டது. பதில் வந்தது. ஆனால் பேசியவர், அந்த விமானத்துக்குப் பின்னால் நின்றிருந்த வேறொரு குட்டி விமானத்தின் விமானி. அவருடைய பேச்சின் ஒரு பகுதி, இறங்க வந்த விமானத்தின் தானியங்கி எச்சரிக்கைக் குரலில் அமுங்கிப்போனது. முன்னால் நின்ற கிங் ஏர் விமானம் எதுவும் சொல்லாமலே ஓடத் தொடங்கியது. சந்திப்பில் மோதல். மோதிய நொடியில் உயிர் தப்பியவர்கள் யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்துக்குள் இருந்தார்கள். உதவ ஓடி வந்தவர்கள் கதவைத் திறக்கப் போராடினார்கள், திறக்கவில்லை. கடைசியில் இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

பாஸ்டனில் கட்டுப்பாட்டாளர் இருந்தார், குவின்சியில் இல்லை. இரண்டு இடத்திலும் சிக்கல் ஒன்றுதான்: யார் எங்கே நிற்கிறார்கள் என்பது விமானிக்கு முன்கூட்டியே நேரடியாகத் தெரியவில்லை. இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஓடுபாதையில் இன்னொரு விமானமோ வாகனமோ இருந்தால், தரையிலேயே பதித்த சிவப்பு விளக்குகள் தானாக எரியும். கோபுரத்தின் வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். லோகன் உள்பட அமெரிக்காவின் 20 விமான நிலையங்களில் இவை பொருத்தப்பட்டன.

மும்பை, சென்னை இரண்டின் ஓடுபாதைகளும் வெட்டிக்கொள்பவைதான். மும்பையில் 2024 ஜூன் 8 அன்று, ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இண்டிகோ விமானம் இறங்கியது. அது வெட்டிக்கொள்ளும் பாதைகளில் அல்ல, ஒரே ஓடுபாதையில் நடந்தது. பணியிலிருந்த கட்டுப்பாட்டாளரை உடனே பணியிலிருந்து விலக்கினார்கள். ஒருவரை விலக்குவது எளிது. ஒரு மணிக்கு எத்தனை விமானம் என்ற அழுத்தத்தைக் குறைப்பது கடினம். சென்னையில் கூட்டம் ஏற ஏற, இரண்டாம் ஓடுபாதையையும் முதன்மைப் பாதையோடு சேர்த்து இயக்கினால் என்ன என்ற ஆசை வருவது இயல்பு. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர்கள் போதுமா? எச்சரிக்கை நேரே விமானியறைக்கு எட்டுமா? ‘முடியாது’ என்று சொல்லும் விமானியிடம் யாரும் விளக்கம் கேட்காமல் இருப்பார்களா? பதில் வரும்வரை சென்னையில் ஒரு நேரத்தில் ஒரு பாதையைத்தான் இயக்க வேண்டும்.