ஓடுறது காலா, கம்பெனியா?



விளையாட்டு விழா நெருங்கினாலே நம் பள்ளியில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. "நைக்தான்டா மாஸ்!" "போடா, அடிடாஸ் முன்னாடி நிக்க முடியுமா?" "எங்க மாமா பூமா வாங்கிட்டு வந்திருக்காரு, தெரியும்ல?" இப்படியே இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். இந்த முறை நானும் பேசுகிறேன். என் கட்சி இதுதான்: ஓடுறதுக்கு நல்ல ஷூ வேணும். கம்பெனிப் பேரு வேணாம்.

முதலில் கம்பெனிகளின் கதையைப் பார்ப்போம். அடிடாஸும் பூமாவும் அண்ணன் தம்பி கம்பெனிகள். ஜெர்மனியில் ஹெர்சோகனாராஹ் என்ற சின்ன ஊரில் ருடால்ஃப், அடால்ஃப் டாஸ்லர் என்ற சகோதரர்கள் ஒன்றாக ஷூ செய்தார்கள். சண்டை வந்து பிரிந்தார்கள். அண்ணன் 1948-ல் பூமாவையும், தம்பி 1949-ல் அடிடாஸையும் தொடங்கினார்கள். ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. எதிரில் வருபவர் காலில் எந்த ஷூ என்று குனிந்து பார்த்த பிறகுதான் பேசுவார்களாம்!

நைக் கம்பெனி 1964-ல் வேறு பெயரில் தொடங்கியது. அப்போது அது விற்றது சொந்த ஷூ இல்லை, ஜப்பானின் ஒனிட்சுகா ஷூ. அந்த ஒனிட்சுகாதான் இன்றைய ஆசிக்ஸ். இன்று நைக் ஷூக்கள் நம் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் தயாராகின்றன. 'ஃபாரின் ஷூ' என்று பெருமை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் காலில் பார்ப்பது பாட்டாவின் பவர், ஜலந்தரின் நிவியா, அப்புறம் ஸ்பார்க்ஸ், கேம்பஸ். பாட்டாவை இந்தியக் கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. அது 1894-ல் இன்றைய செக் நாட்டில் பிறந்தது.

சரி, இதில் எது பெஸ்ட்? விலை கூடிய ஷூக்கள் சிலவற்றில் எடை குறைவாக இருக்கும், அடியில் உள்ள ஃபோம் நன்றாக எம்பும். அது உண்மைதான். 2023-ல் அடிடாஸ் 138 கிராம் எடையில் ஒரு ஷூ கொண்டுவந்தது. விலை 500 டாலர். ஒரே ஒரு மாரத்தானுக்கென்று செய்யப்பட்டது! அதை அணிந்து எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அஸெஃபா அதே ஆண்டு பெர்லினில் உலக சாதனை செய்தார். ஆனால் அது மாரத்தான் வீராங்கனைக்கு. 1500 மீட்டர் ஓடப்போகும் நமக்கு எதற்கு? விரலுக்கேத்த வீக்கம் வேணும்.

இன்னொரு எத்தியோப்பியர் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்கில், கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக இல்லை என்று வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். 1964-ல் டோக்கியோவில் பூமா அணிந்து ஓடினார், அதிலும் தங்கம்! ஷூ மாறியது, கால் மாறவில்லை.

நம்ம ஊரில் ஏலக்காய் ஏலம் எடுக்கிறவர்கள் சாக்கில் எழுதிய பேரைப் பார்த்தா விலை சொல்கிறார்கள்? காயின் பருமனையும் பச்சையையும் பார்க்கிறார்கள். ஷூவையும் அப்படிப் பாருங்கள்.

1. சாயங்காலம் போய் வாங்குங்க. அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சாக்ஸோட போட்டுப் பாருங்க.
2. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். முந்தல் ரோட்டில் இறக்கத்தில் ஓடினால் விரல் முன்னால் போய் இடிக்கும். இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும்.
3. ஷூவை வளைத்துப் பாருங்க. விரல் மடங்கும் இடத்தில் மடங்கணும். நடுவில் மடங்கினால் வேண்டாம்.
4. நம்ம பாதை சரளைக்கல்லும் செம்மண்ணும். அடிப்பகுதியில் பிடிமானமான ரப்பர் இருக்கணும்.
5. கடையிலேயே நாலு எட்டு ஓடிப் பாருங்க. கடிக்கிற ஷூ "போகப் போக சரியாயிடும்" என்று சொன்னால் நம்பாதீங்க.

இந்த ஐந்திலும் தேறும் ஷூவே நமக்கு பெஸ்ட். பிள்ளைகளின் கால் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்பா அம்மாவிடம் ஆறாயிரம் ரூபாய் ஷூ கேட்டு அடம்பிடித்தால், அடுத்த வருஷம் அது காலுக்குள் நுழையாது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருடம் 1500 மீட்டருக்குப் பெயர் கொடுத்த ஒரு பையன் போட்டி அன்று வரவே இல்லை. பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவன். அவன் அம்மா விடியக்காலையில் ஜீப் ஏறி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். சந்தையில் வாங்கிக் கொடுத்த ஷூவில் மூணு கோட்டுக்குப் பதிலா நாலு கோடு இருந்ததாம். "டேய், இவனுக்கு ஒரு கோடு ஃப்ரீடா!" என்று சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பால் நம் பள்ளி ஒரு நல்ல ஓட்டக்காரனை இழந்தது. ஜெர்மனியில் அந்த ஊர் குனிந்து பார்த்தது போதும், நம் பள்ளியும் குனிந்து பார்க்க வேண்டுமா?

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். பயிற்சியாளர் கண்ணன் அவருக்கு ஷூவும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒருவர் உதவினாலே இவ்வளவு நடக்கும் என்றால், ஒரு பள்ளியே உதவினால்?

எனவே பி.டி. சாரிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டு அறையில் ஓர் 'ஷூ அலமாரி' வைக்க வேண்டும். காலுக்குச் சிறுத்துப்போன, கிழியாத ஷூக்களைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, சைஸ் எழுதி அதில் வைப்போம். தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. சாக்ஸ் மட்டும் அவரவர் சொந்தம்! வெறுங்காலில் ஓட விரும்புகிறவர்களும் ஓடட்டும். உலகத் தடகள விதியே அதை அனுமதிக்கிறது.

நண்பர்களே, ஓட்டம் முடியும் கோட்டில் நிற்கும் சார் கையில் இருப்பது ஸ்டாப் வாட்ச். அதற்குக் கம்பெனிப் பேர் வாசிக்கத் தெரியாது!

காலைப் பார்ப்போம், கோட்டைப் பார்க்க வேண்டாம்!