இரண்டு விரல் இடைவெளி



தமிழ் வகுப்பை விட்டுவிட்டுக் காரின் அடிப்பகுதியைப் பற்றி எழுத வந்தமைக்குப் பொறுத்தருள்க. காரணம் இருக்கிறது.

என் சனிக்கிழமை வகுப்பு மாணவர் நால்வரைத் தம் காரில் அழைத்து வரும் தந்தையார் ஒருவர், அக்காரை அண்மையில் தாழ்த்தினார். கேலாங்கின் லோரோங் ஒன்றில் உள்ள பட்டறையில், காரோடு வந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, 30 மில்லிமீட்டர் தாழ்த்தக்கூடிய வேறு ஸ்பிரிங்குகளைப் பூட்டினர். மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் வகுப்பு வாசலில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பிய நிலையில் அவர் வண்டியை நிறுத்தியபோது, முன்சக்கரத்தின் உட்புறம் என் கண்ணில் பட்டது. டயரின் வெளிப்பக்கத்தில் வரிப்பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. உட்பக்கத்தில் கம்பி தெரிந்தது. அந்த டயரை நம்பித்தான் நான்கு பிள்ளைகள் வாரந்தோறும் விரைவுச்சாலையில் வந்திருக்கின்றனர்.

"ரெண்டு விரல் போகுது பாருங்க சார். சரியா இருக்குன்னுதான் பட்டறையில சொன்னாங்க" என்றார் அவர், சக்கரத்துக்கு மேலுள்ள இடைவெளியில் விரல்களை நுழைத்துக் காட்டி.

யாருடைய விரல் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன். தையற்காரர் கூட நாடா வைத்து அளக்கிறார். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் உயரத்தை விரலால் பார்ப்பது எந்த ஊர் வழக்கம்? சமதளத்தில் நிறுத்தி, யாரும் உள்ளே அமராமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மேல்வளைவின் விளிம்பு வரை நாடாவால் அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தால் டயரின் தேய்வும் காற்றழுத்தமும் கணக்கில் வாரா. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள். பூட்டுமுன் ஒருமுறை, பூட்டியபின் ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்தபின் ஒருமுறை. இதற்கு ஆகும் நேரம், ஒரு கோப்பி குடிக்கும் நேரம்.

அன்று நாங்களே அளந்தோம். பின்பக்கம் இடதுபுறம் வலதைவிட 12 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. "ஓட்ட ஓட்ட இறங்கிடும்னு சொன்னாங்க" என்றார். மூன்று மாதம் ஓட்டியாயிற்றே, ஐயா!

இதன் காரணத்தைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. சக்கரத்தைத் தாங்கும் கைகள் ரப்பர் புஷ்கள் வழியாகத்தான் வண்டியோடு இணைகின்றன. வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரங்கள் தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுப்போகும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு, தானும் ஒரு ஸ்பிரிங்காக மாறி வண்டியை மேலே தள்ளும், நாளடைவில் கிழியும். ஆகவே அந்த போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை முழுதும் அமர்ந்த பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். முறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம் இருந்தால் உயரத்தைத் திருகி மாற்றலாம். புரியின் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஸ்பிரிங்கின் இருக்கை 2 மில்லிமீட்டர் நகரும். வெறும் தாழ்த்து ஸ்பிரிங்கில் அந்த வசதி கிடையாது. அதில் உயரத்தைச் சரிசெய்வது என்பது பெரும்பாலும் பூட்டியவர் விட்ட பிழையைக் களைவதே.

உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். தலைப்பகுதி உள்ளே சாய்கிறது. சக்கரங்கள் நேராக நோக்காமல் விலகியோ குவிந்தோ நோக்குகின்றன. டயரைத் தின்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது கோளாறுதான். அலைன்மென்ட் பார்க்காத தாழ்த்தல் பாதி வேலை. பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

"தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் தாழும், பாதுகாப்பு கூடும்" என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை. மெக்ஃபர்சன் அமைப்புடைய சாதாரணக் காரில் வண்டி சாய்ந்து சுழலும் மையப்புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடும். இரண்டுக்கும் உள்ள தூரம் கூடினால் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீண்டதாகும். கடினமான ஸ்பிரிங் அதை மறைக்கிறது, அவ்வளவே. பின்னிருக்கையில் பிள்ளைகளும் புத்தகப் பைகளும் ஏறியபின், மிஞ்சியுள்ள சிறு ஓட்டமும் தீர்ந்து, மேடு ஒன்று வந்தால் ரப்பர்க் கட்டையில் 'டம்' என்று இடிக்கும். கார்நிறுத்த மாடிகளிலும் குடியிருப்புப் பேட்டைகளிலும் நம்மூரில் மேடுகளுக்கா பஞ்சம்?

"ஆய்வில் தேறிவிட்டதே" என்பது அடுத்த பதில். 3 முதல் 10 ஆண்டு வரையான கார்களுக்கு இங்கே ஆய்வு 2 ஆண்டுக்கு ஒருமுறை. டயர் கம்பி தெரியத் தேய்வதற்கு மூன்று மாதம் போதுமானது என்பதைத்தான் நாம் பார்த்தோமே.

இனி என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இச்செய்தியைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் எழுந்த முதல் குரல், "காரைத் தாழ்த்துகிறவர்கள் எல்லாம் இப்படித்தான்" என்பது. அந்த ஏளனம் எனக்கு உடன்பாடன்று. தாழ்த்தியது குற்றமில்லை, முடிக்காமல் விட்டது குற்றம். விசைக்கு ஏற்ப ஸ்பிரிங் நீளும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கியதைப் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கினோம். அதே விதியைக் கையில் எண்ணெயோடு செய்து பார்க்கும் இளைஞனை மட்டும் "படிப்பு வராதவன்" என்கிறோம். நம் வகுப்பிலிருந்து பட்டறைக்குப் போகிறவனுக்கு, அளந்ததை எழுதி வைக்கும் பழக்கத்தையாவது நாம் கொடுத்தோமா? பிழையைத் திருத்தாமல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தால் நம்மைச் சும்மா விடுவார்களா?

அடுத்த சனிக்கிழமை அந்தத் தந்தையார் வேறு பட்டறையின் தாளோடு வந்தார். புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, எடையில் மீண்டும் முடுக்கியிருந்தனர். இடவல வேறுபாடு 3 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. அலைன்மென்ட் எண்கள் முன்னும் பின்னுமாக அச்சிடப்பட்டிருந்தன. முன்பக்கம் இரண்டும் புது டயர்கள்.

"பிள்ளைங்களை ஏத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். தாளைப் படித்த பின்னும் குனிந்து டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்துவிட்டேன்.