நம் விடுமுறையும் கடலின் பஞ்சாங்கமும்

பிரயாணம் என்ற பேச்சு எழுந்தால், ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கதிர்காம யாத்திரைதான். ஆடி மாதத்தில் மாணிக்க கங்கையில் நீராடி, கந்தனைத் தரிசித்து, மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். அதே கங்கை கதிர்காமத்தைக் கடந்து யால வனத்தினுள் ஓடுகிறது. அங்கே பத்தடிக்கும் மேற்பட்ட முதலைகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. கிழக்குக் கடலிலோ முருகைக்கற்பாறைகளினூடே வண்ண மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. இவற்றைக் காண உலகின் மறு கோடியிலிருந்து மக்கள் வருகிறார்கள். பதுளையிலிருக்கும் நமக்கு இவை ஒரு நாட் பிரயாணத் தொலைவிலேயே உள்ளன. ஆயினும், கடலையே காணாமல் பாடசாலைப் படிப்பை முடித்துவிடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பணமின்மை இதற்கு ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், நமக்கு ஓய்வு கிடைக்கும் நாளும் கடல் அமைதியாயிருக்கும் நாளும் ஒன்றாக அமைவதில்லை என்பது மற்றொரு காரணம். இவ்வாரம் அதைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

தோட்டத்தில் முற்பணம் கிடைப்பது தீபாவளிக்கு. உறவினர் ஒன்றுகூடுவது தைப்பொங்கலுக்கு. இவ்விரு பண்டிகைகளும் மாரிகாலத்தையொட்டியே வருகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். நீர் கலங்கிக் கிடக்கும். நம் மலைகளிலும் அப்போது பெருமழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது 2014 அக்டோபர் 29ஆந் திகதி. ‘டித்வா’ புயல் நம் மாவட்டத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் இறுதியில். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவதற்கு உகந்த பருவம் அதுவன்று.

மே முதல் செப்டம்பர் வரையே கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்த வறண்ட காற்று வீசுவதும் இப்பருவத்தில்தான். தாழ்நிலத்துக் குளங்கள் வற்றி, முதலைகள் எஞ்சிய நீரையே நாடிக் குவிவதும் இக்காலத்தில்தான். ஆகவே, ஆகஸ்ட் மாதத்துப் பாடசாலை விடுமுறையே நமக்கு ஏற்றது. யால வனத்தின் முக்கிய பகுதியை வழக்கமாகச் செப்டம்பரில் சில வாரங்கள் மூடிவிடுவார்களாதலால், ஆகஸ்டைத் தவறவிடலாகாது.

தீபாவளி முற்பணத்தை நம்பித் திட்டமிடுவது சரியன்று. அது பின்னர் சம்பளத்தில் கழிக்கப்படும் கடன்தானே! தை மாதத்திலேயே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சிறு சீட்டொன்றைத் தொடங்கினால், ஆடி முடிவதற்குள் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தும் தொகை சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பார்த்துவிட வேண்டுமென்ற அவசரமும் வேண்டாம். ஓராண்டு வனம், மறு ஆண்டு கடல் என்று வைத்துக்கொள்வது உடலுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

முதலாண்டுப் பிரயாணத்தைக் கதிர்காம யாத்திரையுடன் இணைத்துவிடலாம். யால 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி நம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்ததே. உள்நாட்டவர்க்கு அனுமதிக் கட்டணம் குறைவு. ஜீப் வண்டிக்கே செலவு அதிகம். அது இயலாதவர்கள் திஸ்ஸமகாராமைக் குளக்கரையிலிருந்து பொறுமையுடன் பார்த்தாலும், நீர்மட்டத்தில் இரு கண்கள் மிதப்பதைக் காணக்கூடும்.

இலங்கையில் முதலைகள் இரு வகை. குளங்களிலும் நன்னீர் ஆறுகளிலும் வாழ்வது அகன்ற முகமுடைய சதுப்புநில முதலை. கழிமுகங்களிலும் களப்புகளிலும் வாழ்வது உவர்நீர் முதலை. இதுவே உருவிற் பெரியது. முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தால் அது சீறுகிறதென்று பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளவே அது அவ்வாறு செய்கிறது. தன் உடலின் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ள இயலாத பிராணியாதலால், வெயிலையும் நீரையும் மாறி மாறி நாடுகிறது.

நீரோரத்தில் ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். அவ்விடத்து மக்கள் இறங்காத நீரில் நாமும் இறங்கலாகாது. கை கழுவவும் கூடாது. 2017இல் அறுகம் குடாவை அடுத்த நீர்நிலையொன்றின் ஓரத்தில் பிரித்தானிய இளம் செய்தியாளர் ஒருவர் முதலைக்கு இரையானார். அதனை முதலையின் கொடுமை என்று சொல்வதற்கில்லை. அது அதன் வீடு.

ஊர்வன என்றதும் கம்பைத் தேடும் பழக்கம் நமக்கு உண்டு. அதனை மாற்றப் பிரயாணத்துக்கு முன்பே வீட்டில் தொடங்கலாம். ஓடையோரத்துக் கபரக்கொய்யாவையும், புற்றருகே நிற்கும் உடும்பையும் கல்லெறியாமல் ஐந்து நிமிடம் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் மூக்கின் நுனியில் கொம்புடைய ஓணான் ஒன்று உண்டு. உலகில் இலங்கையன்றி வேறெங்கும் அது இல்லை.

இரண்டாம் ஆண்டுப் பிரயாணம் கடலை நோக்கி. பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து வடக்கே பாசிக்குடா. நெடுந்தூரம் ஆழமற்ற குடாவாதலால், கடலில் இறங்கியறியாத பிள்ளைகள் அச்சந் தெளிவதற்கு இதைவிடச் சிறந்த இடமில்லை. அதற்கும் வடக்கே, திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இத்தீவைச் சூழ முருகைக்கற்பாறை அமைந்துள்ளது. படகில் சென்று, கண்ணாடி முகமூடியணிந்து, மிதவைச் சட்டையுடன் நீரில் முகம் அமிழ்த்தினாலே போதும். சிறு சுறாக்களையும், வாய்ப்பிருந்தால் கடலாமையையும் காணலாம். உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளில் 5 வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன.

முருகை கல்லன்று, செடியுமன்று. நுண்ணிய உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து சுண்ணத்தால் கட்டிய ஊர் அது. உருண்டைப் பாறைபோல் வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றரே வளர்கின்றன. ஒருவர் களைப்பாற அதன்மீது காலூன்றினால், ஒரு தலைமுறையின் வளர்ச்சி ஒரு கணத்தில் நொறுங்கிவிடும். 1998இல் கடல்நீர் மிதமிஞ்சிச் சூடேறியபோது ஹிக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளுத்து மடிந்தன. எஞ்சியவற்றைத்தான் நாம் காணப் போகிறோம்; ஆதலால் அங்கிருந்து ஒரு துண்டையும் எடுத்து வரலாகாது.

இன்னுமொரு தொடர்பையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் பதுளு ஓயா மகாவலி கங்கையில் கலக்கிறது. மகாவலியோ திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. நம் மலைச்சரிவில் கரையும் மண்ணும், ஓடையில் வீசும் பிளாஸ்டிக் பையும் அந்தத் திசையிலேயே பயணம் செய்கின்றன. கலங்கல் நீரில் முருகை வாழாது. கடலைப் பேணும் வேலை லயத்துக்குப் பின்னாலுள்ள கானிலேயே தொடங்குகிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால், ஆறு வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும்.

கடைசியாக, தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கரையில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கூடையையும் செருப்புகளையும் காவல் காப்பதற்காக நீங்கள் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. முறை வைத்துக் காவலிருங்கள். உங்கள் முறை வரும்போது நீங்களும் முகமூடியணிந்து நீருள் பாருங்கள். வருகிற தையில் சீட்டைத் தொடங்கும்போதே இந்த ஒப்பந்தத்தையும் வீட்டில் செய்துகொள்வது நல்லது.