காதுக்குத் தெரியாததைக் கேட்டு எழுதச் சொல்லலாமா?

தொடக்கப்பள்ளியில் ‘சொல்வதை எழுதுதல்’ நடக்கிறது. ஆசிரியர் ‘அரை’ என்கிறார். பாதியா, வீட்டின் அறையா? பிள்ளை ஏதோ ஒன்றை எழுதுகிறது. தவறானால் சிவப்பு மையில் வட்டம், மதிப்பெண் போச்சு. இது பயிற்சியே அல்ல, பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ர, ற வரும் சொற்களைத் தனித்தனியே சொல்லி எழுதவைக்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். ‘வகுப்பறையில் அரைமணி நேரம் இருந்தோம்’ என்று முழு வாக்கியமாகச் சொன்னால் பொருளே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒலியில் குழப்பம் தரும் மயங்கொலி எழுத்துகள் எட்டு: ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. எட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கற்பிப்பதுதான் கோளாறு. ல, ள, ழ மூன்றுக்கும் ஒலி உண்மையிலேயே வேறு. நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொட்டால் லகரம்; வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ளகரம்; வளைந்தும் தொடாமல் நின்றால் ழகரம். ‘வாளப்பளம்’ என்றே பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ழகரம் வராதது குற்றமில்லை. நாவை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். புலி, புளி படங்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் மாறிமாறிச் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்டுத் தொட்டுக் காட்டட்டும். எழுதுவது பிறகு.

ர, ற அப்படியல்ல. குமரி மாவட்டப் பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் வாழ்கிறது; தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. ‘அழுத்திச் சொல்லிப் பார்’ என்பதால் பயனில்லை. ஆனால் சொல்லை நீட்டிப் பார்த்தால் பல இடங்களில் விடை கிடைக்கும். சோறு, சோற்றில். கிணறு, கிணற்றில். மாறு, மாற்றம். இரட்டித்து வரும்போது றகரம் எந்தக் காதிலும் தெளிவாக விழுகிறது. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. மற்றவற்றைக் குடும்பமாகச் சேர்த்துக் கற்பிக்கலாம். அறிவு, அறிஞர், அறிவிப்பு ஒரு குடும்பம். பரவல், பரப்பு, பரப்பளவு இன்னொன்று. ந, ன குழப்பத்துக்கு இவ்வளவு பாடுகூட வேண்டாம். தமிழ்ச் சொல்லின் முதலில் னகரம் வராது. தகரத்துக்கு முன் நகரமே வரும்.

கணினி திருத்திவிடாதா என்பார்கள். கரை, கறை இரண்டும் சரியான சொற்கள்தாம். எழுத்துப்பிழை திருத்தி இரண்டையும் விட்டுவிடும்.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புப் பாடநூல் மயங்கொலிகளைத் தனிப் பாடமாக விளக்குகிறது. நல்ல பாடம்தான், ஆனால் காலம் கடந்தது. ஐந்து ஆண்டுகள் பிழையாக எழுதிப் பழகிய கையை அப்போது திருப்புவது கடினம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளை நோக்கியே வகுக்கப்பட்டது. நாவுக்கும் காதுக்குமான இந்தப் பயிற்சிக்கு உரிய இடம் அந்த வகுப்புகள்தாம். ஆசிரியர் கையேட்டில் இதற்கெனப் பாடவேளை ஒதுக்கி, ஆசிரியர்களுக்கும் நேரடி உச்சரிப்புப் பயிற்சி தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.