பனிப்போர்வைக்குள் ஒரு பயணம்

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று வந்தவர்களிடம் கடலூரிலும் குளிர் உண்டு என்று கூறினால் நகைப்பார்கள். மார்கழி, தை மாதங்களின் சில இரவுகளில் உதகையின் புல்வெளிமேல் உறைபனி வெண்மையாகப் படிகிறது. இங்கோ வெப்பநிலை அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆயினும் வெயிலிலே வளர்ந்த உடலுக்கு அதுவே நடுக்கந்தான். சென்ற மார்கழியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் விடியுமுன், நண்பர் மூவரும் நாமும் மஞ்சக்குப்பத்திலிருந்து வாடகை வண்டியில் புறப்பட்டபோது நால்வர் தலையிலும் கம்பளிக் குல்லாய், கழுத்திலே மப்ளர்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அச்சாலையில் எத்தனையோ முறை விரைந்திருக்கிறோம். சாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தை நின்று பார்த்ததில்லை. "இம்முறை கரையோர ஊர்களைப் பார்த்துக்கொண்டே போவோம்" என்றவர் நம்முள் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர். டிசம்பர் 26ஆம் நாளை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்று நாம் அப்போது கேட்கவில்லை.

வழியெங்கும் மூடுபனி. வடகிழக்குப் பருவமழையால் வயல்களில் இன்னும் ஈரம் வற்றவில்லை. மேகமற்ற நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதன்மேல் தங்கிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. எதிரே வந்த மாட்டுவண்டி அருகில் நெருங்கிய பின்னரே கண்ணுக்குப் புலப்பட்டது. ஓட்டுநர் பலமுறை இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார்.

பறங்கிப்பேட்டையில் தேநீர் அருந்தினோம். வெள்ளாறு கடலோடு கலக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் பெருந்துறைமுகம். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கு வாணிபம் செய்தனர். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதர் அலியின் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்ற போர்க்களமும் இதுவே. 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்து இரும்புத்தாதுவைக் கொணர்ந்து, மரக்கரியால் உருக்கும் ஆலையொன்றை இங்கு நிறுவினார். இன்று அந்த ஆலையும் இல்லை, பெருங்கப்பல்களும் இல்லை. ஆயினும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் இவ்வூரின் பெயரை உலகறியச் செய்கிறது.

தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றியிருந்த ஆசிரியர் அப்போதுதான் வாய் திறந்தார். 2004இல் அவர் பணியாற்றியது ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில். ஆழிப்பேரலை வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம். பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தனர். "பள்ளி திறந்த அன்று பதிவேட்டை எடுத்துப் பெயர் அழைத்தேன். ஏழு பெயர்களைத் தாண்டிப் படிக்க நா வரவில்லை. மூடி வைத்துவிட்டேன். அன்று முதல் இந்த நாளில் கடற்கரைப் பக்கம் நான் வந்ததில்லை." எவரும் மறுமொழி கூறவில்லை. கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளை வழியாகப் பிச்சாவரத்தை அடைந்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், ஆயிரம் எக்டேருக்கும் மேலாகப் பரந்த அலையாத்திக் காடு இது. தில்லை எனச் சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தை இன்று இக்காட்டில் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று படகோட்டி எச்சரித்தார்.

காட்டின் ஒரு பகுதி ஒருகாலத்தில் மொட்டையடிக்கப்பட்டது. மரம் போனதும் மண் காய்ந்து அமிழ்ந்தது; பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உவர்ப்பு மிகுந்தது; விதை விழுந்தும் முளைக்கவில்லை. பின்னர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டினர். ஓதநீர் உட்புகுந்து வெளியேற வழி கிடைத்தது. நட்ட கன்றுகள் தழைத்தன. 2004இல் இக்காட்டின் மறைவிலிருந்த ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின என 2005இல் அறிவியலார் எழுதினர். கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் உயரமும்கூடக் காரணம் என்று வேறு சிலர் வாதிட்டனர். எதுவாயினும், காப்பாற்றக் கூடிய ஒன்றைக் காத்து வைப்பது வீண் உழைப்பாகாது.

திரும்பும் வழியில், இடுப்பளவு நீரில் இருளர் குலப் பெண்ணொருவர், ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியபடி வெறுங்கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பளிக்குள் நடுங்கிய நமக்கு நாணமாயிற்று.

"குளிரவில்லையா, அம்மா?"

பறியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சிரித்தார். "தண்ணிக்குள்ள வெதுவெதுன்னுதாங்க இருக்கு. கரையேறினாத்தான் குளிரு."

ஆசிரியர் குனிந்து, பிள்ளைகள் உண்டா என்று வினவினார். ஒரு மகள்; எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "பெயர் என்னம்மா?" அந்தத் தாய் சொன்னார். ஆசிரியர் அப்பெயரை, வகுப்பில் அழைப்பதுபோல், ஒருமுறை உரக்கச் சொன்னார். பின்னர் சிதம்பரம் சேரும்வரை அவர் பேசவில்லை. ஆனால் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்பு வாசகர்களே, விடுமுறை என்றதும் தொலைதூர மலைகளையே நினைக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், நாம் பார்க்காமலே கடந்து செல்லும் மண்ணும் மக்களும் இருக்கிறார்கள். இவ்வாண்டு பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மெதுவாகச் செல்லுங்கள், இறங்கி நில்லுங்கள், எதிர்ப்படுவோரிடம் பெயர் கேளுங்கள்.