தொட்டி மீனைப் பாடம் செய்து வைக்கலாமா?

கேள்வி: "வீட்டுத் தொட்டியில் ஐந்து வருடமாக வளர்த்த வெள்ளி அரோவானா மீன், போன வாரம் இரவில் வெளியே துள்ளி விழுந்து செத்துவிட்டது. ஒன்றரை அடி நீளம். தொட்டி மூடியைச் சரியாக மூடாமல் விட்டவன் என் மகன். எட்டாவது படிக்கிறான். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. மீனைத் தம்பி கடை ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். பாடம் செய்து கூடத்தில் வைத்தால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். ஃபார்மலின் வாங்கி பாட்டிலில் போட்டால் போதும் என்கிறார்கள். எந்த முறை நல்லது?"
- ஒரு வாசகர், கவரைப்பேட்டை.

பதில்: நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் பதில் எழுதுகிற பக்கம் இது. ஆனாலும் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. ஃபார்மலின் என்று எழுதியிருப்பதால் உடனே பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

முதலில், மீன் எந்த இனம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளி அரோவானா தென் அமெரிக்க மீன். முதுகுத் துடுப்பு நீளமாக ஓடி, சிறிய வாலை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்கும். முதுகுத் துடுப்பு குட்டையாகவும், வால் விசிறிபோல் தனியாகவும், செதில் சிவப்பாகவோ பொன்னிறமாகவோ இருந்தால் அது ஆசிய அரோவானாவாக இருக்கலாம். அது உலக அளவில் பாதுகாக்கப்பட்ட இனம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். செத்தாலும் தெரிவிக்க வேண்டும். அப்படியானால் வனத்துறையிடம் கேட்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். வெள்ளி அரோவானாதான் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இனி முறைகளைப் பார்ப்போம்.

ஃபார்மலின் முறை: கல்லூரி ஆய்வகங்களில் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து மீனை ஊறவைப்பார்கள். இந்த அளவு மீனுக்கு வெளியே ஊறினால் போதாது. வயிற்றுக்குள் ஊசியால் ஏற்ற வேண்டும் அல்லது வயிற்றைக் கீற வேண்டும். இல்லாவிட்டால் குடல் உள்ளேயே அழுகும். பிறகு கழுவி ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். நான் வேளாண்மை படித்த காலத்தில் காய்ப்புழுவையும் நோய் தாக்கிய காய்களையும் இப்படிப் பாட்டிலில் போட்டிருக்கிறோம். மூடியைத் திறந்தாலே கண் எரியும், தொண்டை கமறும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் உறுதியாகிவிட்டது. அதைவிட, நீங்கள் விரும்புகிற வெள்ளிப் பளபளப்பு அதில் நிற்காது. சில மாதங்களில் மீன் வெளிறிப் பழுப்பாகிவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தோல் பாடம்: புலி, மான் பாடம் செய்வதுபோல, ஒரு பக்கமாகக் கீறித் தோலை உரித்து, சதையை முழுக்கச் சுரண்டி, உள்பக்கம் வெண்காரம் தடவி, நுரைப் பொருளில் செய்த உருவத்தின்மேல் போர்த்தித் தைப்பார்கள். போரான் சத்துக்காகத் தென்னைக்குப் போடுகிறோமே, அந்த போராக்ஸ்தான் வெண்காரம். மீன் தோல் மெல்லியது, எண்ணெய்ப் பசை உள்ளது. கொஞ்சம் கொழுப்பு மிஞ்சினாலும் நாற்றமும் பூச்சியும் வரும். காய்ந்ததும் நிறம் போய்விடும். மறுபடி வண்ணம் பூச வேண்டும், கண்ணும் கண்ணாடியில் வைக்க வேண்டும். தரையில் விழுந்து துடித்த மீனில் செதில் உதிர்ந்து, துடுப்பு கிழிந்திருக்கும். கைதேர்ந்தவர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

வார்ப்பு உருவம்: போட்டோவும் நீளம், சுற்றளவு அளவுகளும் கொடுத்தால் ஃபைபரில் மீன் உருவம் செய்து வண்ணம் தீட்டலாம். மீனின் உடலே தேவையில்லை. அழுகாது, நிறம் நிற்கும். செலவு கூடுதல்.

மீன் அச்சு: என் யோசனை இதுதான். ஜப்பான் மீனவர்கள் பிடித்த பெரிய மீனின் அளவைப் பதிந்துவைக்கச் செய்த முறை, கியோதாகு என்பார்கள். மீனை ஒரு இரவு ஐஸ் பெட்டியில் வைத்து மெதுவாக இளக விடுங்கள். உப்புத் தண்ணீரில் வழவழப்பைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுங்கள். செவுளிலும் கழிவுத் துவாரத்திலும் பஞ்சு வையுங்கள். தெர்மாகோல் மேல் கிடத்தித் துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்துங்கள். தண்ணீரில் கரையும் மையைத் தலையிலிருந்து வால்வரை மெல்லியதாகத் தடவி, குண்டூசிகளை எடுத்துவிட்டு, வெள்ளை வேட்டித் துணியைப் போர்த்தி விரலால் அழுத்துங்கள். எடுத்தால் ஒவ்வொரு செதிலும் பதிந்திருக்கும். கண்ணை மட்டும் பிறகு வரைய வேண்டும். முதல் இரண்டு துணி கெடும். மூன்றாவது நன்றாக வரும். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

இந்த வேலையை உங்கள் மகன் கையால் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் வெளிறிப்போன மீன் தினமும் அவன் செய்த தவறையே நினைவூட்டும். அவனே எடுத்த அச்சு, அவன் வளர்த்த மீனை நினைவூட்டும். இன்னொன்றும் சொல்லுங்கள்: கிளையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீரிலிருந்து எம்பிப் பிடிக்கிற மீன் அது. துள்ளுவது அதன் குணம். பெரியவர்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது.

பிறகு மீனை ஒரு மரத்தடியில் இரண்டடி ஆழத்தில், நாய் தோண்டாதபடி கல் வைத்துப் புதையுங்கள். மண்ணுக்கு நல்ல உரம். ஃபார்மலினில் ஊறியிருந்தால் இப்படிப் புதைக்கவும் முடியாது.

உடலைத்தான் பாதுகாக்க வேண்டும் என்றால், ஃப்ரீசரிலிருந்து எடுப்பதற்கு முன் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் கேளுங்கள். உங்களுக்கு ஒரு ஸ்டேஷன் தூரம்தான். மாணவர்களுக்குக் காட்டப் பயன்படுமானால் அங்கே கொடுத்துவிடலாம். ஃபார்மலின் வேலையும் அவர்கள் பாதுகாப்பில் நடக்கும்.

தொட்டியில் வேறு மீன்கள் மிச்சமிருந்து, வளர்க்க மனமில்லையென்றால் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். ஏரியிலோ ஆரணியாற்றிலோ விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய மீன்கள் நம் ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதே போதும்.

அடுத்த மீன் வாங்கினால் மூடிக்குக் கிளிப் போடுங்கள். அதைப் போடும் பொறுப்பை மகனிடமே கொடுங்கள்.